கூட்டு நிலமும் பெண்ணின் பெயரும்

நிலத்தைத் தனியொருவர் வைத்திருப்பதுண்டு. ஒரு குடும்பமோ, ஓர் ஊரோ, ஓர் இனக்குழுவோ சேர்ந்து வைத்திருப்பதும் உண்டு. இரண்டாவது வகையைக் கூட்டு நிலம் எனலாம். கூட்டு நிலத்தில் வேலியும் எல்லைக்கல்லும் குறைவு. யார் எங்கே பயிரிடலாம், எந்த மரத்தின் பழம் யாருக்கு, எந்த ஓடையில் யார் மீன் பிடிக்கலாம் என்பனவற்றை வழக்கமே தீர்மானிக்கும். இத்தகைய நிலத்தில் ஆணும் பெண்ணும் சேர்ந்தே உழைக்கின்றனர்.

ஆனால், அந்நிலம் ஒருநாள் அரசாங்கப் பதிவேட்டில் ஏறும்போது அல்லது அதற்கு இழப்பீடு வழங்கப்படும்போது ஒரு கேள்வி எழுகிறது. நிலம் யார் பெயரில் இருக்கிறது? அதில் உழைத்த பெண்ணின் பெயர் உண்டா? ஜொகூர் மாநிலத்தில் வாழும் இரு சமூகங்களின் வரலாறு, இக்கேள்வி ஏன் முக்கியமானது என்பதை விளக்குகிறது. ஒன்று பூர்வக்குடி மக்களின் வரலாறு. மற்றொன்று ஃபெல்டா குடியேற்றக்காரர்களின் வரலாறு.

காடே நிலம், காடே களஞ்சியம்

ஜொகூரில் ஜாக்குன், ஒராங் செலேத்தார், ஒராங் குவாலா ஆகிய பூர்வக்குடிப் பிரிவினர் வாழ்கின்றனர். ஒராங் செலேத்தார் மக்கள் ஜொகூர் நீரிணையையும் அதன் கரையிலுள்ள சதுப்புநிலக் காடுகளையும் நம்பி வாழ்பவர்கள். ஜாக்குன் மக்களுக்கோ உள்நாட்டுக் காடும் ஆறுமே வாழ்வாதாரம். குளுவாங், மெர்சிங், கோத்தா திங்கி ஆகிய வட்டாரங்களில் அவர்களின் கிராமங்கள் உள்ளன.

ஜாக்குன் மக்களிடையே காடு ஊர்ப்பொதுவாகவே இருந்து வந்தது. ஒரு குடும்பம் மரவள்ளியும் மலைநெல்லும் பயிரிட்ட இடம், அக்குடும்பம் உழைக்கும்வரை அதற்கு உரியது. பழமரத்தை நட்டவருக்கும் அவர்தம் பிள்ளைகளுக்கும் அதன் பழத்தில் உரிமை உண்டு. பெண்கள் மூலிகைகளையும் காட்டுக் கீரைகளையும் பழங்களையும் சேகரிப்பார்கள். தாழை இனத்தைச் சேர்ந்த மெங்குவாங் ஓலையைப் பதப்படுத்திப் பாய்களும் கூடைகளும் முடைவார்கள். இவற்றைச் செய்வதற்குப் பெண்களுக்கு நிலப்பட்டா எதுவும் தேவைப்படவில்லை. ஊர் உறுப்பினராக இருப்பதே போதும். அந்த உரிமை எழுத்தில் இல்லாவிட்டாலும் நடைமுறையில் உறுதியாக இருந்தது.

எழுத்தில் இல்லாத உரிமைக்குள்ள ஆபத்து லிங்கியு அணையின்போது வெளிப்பட்டது. ஜொகூர் ஆற்றுநீரைச் சிங்கப்பூருக்கு வழங்குவது தொடர்பாக 1990ஆம் ஆண்டில் ஓர் ஒப்பந்தம் கையெழுத்தானது. அதன்படி கோத்தா திங்கி வட்டாரத்திலுள்ள லிங்கியு ஆற்றில் அணை கட்டப்பட்டது. அதற்காக 53,000 ஏக்கருக்கும் மேற்பட்ட நிலம் ஒதுக்கப்பட்டது. ஜாக்குன் மக்கள் தலைமுறை தலைமுறையாக வேட்டையாடியும் பொருள் சேகரித்தும் வாழ்ந்த காடு அது. அந்நிலத்திற்கு அவர்களிடம் பட்டா இல்லை.

அடோங் பின் குவாவ் என்பவரும் அவரோடு 51 பேரும் ஜொகூர் மாநில அரசுக்கு எதிராக வழக்குத் தொடுத்தனர். ஜொகூர் பாரு உயர்நீதிமன்றம் அவர்களுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. 1997ஆம் ஆண்டில் சட்ட ஏடுகளில் வெளிவந்த அத்தீர்ப்பு, மலேசியப் பூர்வக்குடிகளின் நில உரிமை வரலாற்றில் ஒரு திருப்புமுனை. முன்னோர் வாழ்ந்த நிலத்தில் தொடர்ந்து வாழும் உரிமை பூர்வக்குடியினருக்கு உண்டு என்று அது ஏற்றுக்கொண்டது. அவர்களுக்கு 26.5 மில்லியன் ரிங்கிட் இழப்பீடு வழங்கும்படியும் ஆணையிட்டது. மேல்முறையீட்டு நீதிமன்றம் 1998ஆம் ஆண்டில் இத்தீர்ப்பை உறுதி செய்தது.

இழப்பீட்டை நீதிமன்றம் கணக்கிட்ட முறை கவனிக்கத்தக்கது. பரம்பரை நிலத்தை இழந்தது, விரும்பியபடி நடமாடும் உரிமையை இழந்தது, காட்டில் கிடைக்கும் விளைபொருள்களை இழந்தது, தம் குடும்பத்தின் எதிர்கால வாழ்வை இழந்தது, சந்ததியினரின் எதிர்கால வாழ்வை இழந்தது என ஐந்து இழப்புகளை அது கருத்தில் கொண்டது. மண்ணின் விலையை மட்டும் அது பார்க்கவில்லை. காட்டின் விளைபொருள் என்னும்போது, பெண்கள் சேகரித்த ஓலையும் மூலிகையும் பழமும் அதில் அடங்கிவிடுகின்றன. பட்டா இல்லாத ஓர் உழைப்புக்கும் மதிப்பு உண்டு என்பதை அத்தீர்ப்பு உணர்த்தியது.

‘குடும்பத் தலைவர்’ என்னும் சொல்

பொது நிலத்தைப் பாதுகாக்க அதனைப் பிரித்து, ஒவ்வொரு குடும்பத்துக்கும் பட்டா கொடுத்துவிட்டால் போதாதா என்று கேட்கலாம். 2009ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் தேசிய நில மன்றம் அத்தகைய ஒரு கொள்கையை ஏற்றது. தீபகற்ப மலேசியாவின் பூர்வக்குடிக் குடும்பத் தலைவர் ஒவ்வொருவருக்கும் 2 முதல் 6 ஏக்கர் வரை விவசாய நிலமும் சிறிதளவு வீட்டு நிலமும் வழங்குவது அதன் நோக்கம்.

பூர்வக்குடி மக்களில் பலர் இதனை எதிர்த்தனர். 2010ஆம் ஆண்டு மார்ச் 17ஆம் நாள் ஆயிரக்கணக்கானோர் புத்ராஜெயாவில் திரண்டு தங்கள் மறுப்பைத் தெரிவித்தனர். குடும்பத்துக்குச் சில ஏக்கர் கிடைக்கும். ஆனால், ஊருக்கே பொதுவான பெருங்காடு கைநழுவிப் போகும் என்பது அவர்களின் முதன்மையான அச்சம்.

பெண்களைப் பொறுத்தவரை இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. ‘குடும்பத் தலைவர்’ என்று படிவத்தில் எழுதும்போது பெரும்பாலும் கணவரின் பெயரே எழுதப்படுகிறது. பொதுக் காட்டில் மனைவிக்கு ஊர் உறுப்பினர் என்ற முறையில் நேரடியான உரிமை இருந்தது. பட்டா நிலத்திலோ அவளது உரிமை கணவர் வழியாகவே வருகிறது. மணமுறிவு ஏற்பட்டாலோ, கணவர் நிலத்தை விற்க நினைத்தாலோ அவள் பேச்சு எடுபடாமல் போகலாம். ஆகவே, வாய்மொழி உரிமை எழுத்தாக மாறும் தருணமே பெண்ணுக்கு மிக முக்கியமான தருணம். அப்போது விடுபட்ட பெயரைப் பின்னர்ச் சேர்ப்பது எளிதன்று.

ஃபெல்டா நிலத்தில் பெண்ணின் உழைப்பு

விடுபட்ட பெயரைப் பின்னர்ச் சேர்த்த வரலாறும் ஜொகூரில் உண்டு. அதுதான் ஃபெல்டாவின் வரலாறு. ஃபெல்டா என்பது கூட்டரசு நில மேம்பாட்டு வாரியம். நிலமற்ற கிராமப்புற ஏழைகளுக்கு வாழ்வளிக்க 1956ஆம் ஆண்டு இது தோற்றுவிக்கப்பட்டது. காடுகளைத் திருத்தி ரப்பரும் செம்பனையும் பயிரிட்டு, வீடு, பள்ளி, மருந்தகம் ஆகியவற்றோடு புதிய குடியிருப்புகளை அது உருவாக்கியது. கூலாய் வட்டாரத்தின் தாயிப் அண்டாக், கோத்தா திங்கி வட்டாரத்தின் ஆயர் தாவார், லோக் ஹெங், மெர்சிங் வட்டாரத்தின் தெங்காரோ முதலிய இடங்கள் ஜொகூரின் ஃபெல்டா குடியிருப்புகளில் சில. குடியேறியவர்களுள் பெரும்பான்மையினர் மலாய்க்காரர்கள். இந்தியர்களும் சீனர்களும் சிறு எண்ணிக்கையில் இருந்தனர்.

ஒவ்வொரு குடியேற்றக்காரருக்கும் பொதுவாக 10 ஏக்கர் அளவில் விளைநிலம் ஒதுக்கப்பட்டது. எனினும், அது முற்றிலும் தனிநபர் வேளாண்மையாக இருக்கவில்லை. பல குடும்பங்கள் குழுவாகச் சேர்ந்து ஒரு பெரும் பரப்பைப் பராமரித்தன, வருமானத்தைப் பகிர்ந்துகொண்டன. விளைச்சலை ஆலைக்கு அனுப்புவதும் உரம் வாங்குவதும் கடனைத் திருப்பிச் செலுத்துவதும் பொதுவான ஏற்பாட்டின்கீழ் நடந்தன. எனவே, இதுவும் ஒருவகைக் கூட்டு நிலமே.

குடியேற விண்ணப்பித்தவர் திருமணமானவராகவும் உடல் உழைப்புக்கு ஏற்றவராகவும் இருக்க வேண்டும் என எதிர்பார்க்கப்பட்டது. இதற்குக் காரணம் உண்டு. புதிதாகத் திருத்திய காட்டில் ஒருவர் தனியே வேலை செய்து நிலைக்க முடியாது. கணவர் செம்பனைக் குலைகளை வெட்டினால், மனைவி கீழே சிதறிய உதிரிப் பழங்களைப் பொறுக்குவாள். களை எடுப்பது, உரம் போடுவது, ரப்பர் மரத்தில் பால் எடுப்பது ஆகியவற்றிலும் பெண்களுக்குப் பங்கு இருந்தது. இவற்றோடு வீட்டுப் பொறுப்பும் பிள்ளை வளர்ப்பும் அவர்களுடையவை. இவ்வாறு, தேர்வு செய்யும்போது மனைவியின் உழைப்பு கணக்கில் கொள்ளப்பட்டது. நிலத்தைப் பதிவு செய்யும்போது அவள் பெயர் கணக்கில் கொள்ளப்படவில்லை.

ஒரே பெயர் என்னும் விதி

ஃபெல்டா நிலங்களை 1960ஆம் ஆண்டின் நிலச் சட்டம் ஒன்று ஆள்கிறது. குழுக் குடியேற்றப் பகுதிகளுக்கென்றே இயற்றப்பட்ட சட்டம் அது. குடியேற்றக்காரரின் நிலத்தைத் துண்டு துண்டாகப் பிரிக்கக் கூடாது என்பது அதன் அடிப்படை விதிகளுள் ஒன்று.

இவ்விதியின் நோக்கம் நல்லதே. 10 ஏக்கர் நிலத்தை ஐந்து பிள்ளைகள் பிரித்துக்கொண்டால் ஆளுக்கு 2 ஏக்கர் வரும். அவர்களுள் ஒருவருக்கு நான்கு பிள்ளைகள் இருந்தால், அடுத்த தலைமுறையில் ஆளுக்கு அரை ஏக்கர்தான் மிஞ்சும். அரை ஏக்கர் செம்பனையைக் கொண்டு ஒரு குடும்பம் வாழ முடியாது. மீண்டும் வறுமையே வந்து சேரும். அதனைத் தடுக்கவே நிலம் பிரியாமல் காக்கப்பட்டது.

ஆனால், நிலத்தைப் பிரிக்கக் கூடாது என்ற விதி, நடைமுறையில் ஒரே ஒருவரின் பெயரில் நிலத்தை வைப்பதற்கு வழிவகுத்தது. அந்த ஒருவர் பெரும்பாலும் கணவராகவே இருந்தார். இதனால் மனைவியின் நிலை தளர்ந்தது. பல ஆண்டுகள் சேர்ந்து உழைத்துக் கடனை அடைத்த பின்னர் மணமுறிவு ஏற்பட்டால், வெறுங்கையோடு வெளியேற வேண்டிய நிலை அவளுக்கு வரலாம். கணவர் இறந்தால், மற்ற வாரிசுகளோடு அவளும் ஒருத்தியாக நிற்க வேண்டும். மணவாழ்வில் சேர்ந்து தேடிய சொத்தில் மனைவிக்கும் பங்கு உண்டு என்னும் கொள்கை மலாய் வழக்கத்திலும் ஷரியா நீதிமன்றத்திலும் உண்டு. இருப்பினும், வழக்காடிப் பங்கு பெறுவது வேறு. தொடக்கத்திலேயே பெயர் பதிவாகியிருப்பது வேறு. வழக்குக்குப் பணமும் காலமும் துணிவும் தேவை. பதிவில் உள்ள பெயரோ யாரிடமும் கெஞ்ச வேண்டியதில்லை.

2002ஆம் ஆண்டுத் திருத்தம்

இந்நிலை மாறுவதற்குச் சில முன்னேற்றங்கள் துணைபுரிந்தன. பெண்களுக்கு எதிரான எல்லா வகைப் பாகுபாட்டையும் ஒழிப்பதற்கான உடன்படிக்கையை ஐக்கிய நாடுகள் சபை 1979ஆம் ஆண்டில் ஏற்றது. அதன் 14ஆம் பிரிவு கிராமப்புறப் பெண்களைப் பற்றியது. நிலச் சீர்திருத்தத்திலும் நிலக் குடியேற்றத் திட்டங்களிலும் பெண்கள் சமமாக நடத்தப்பட வேண்டும் என அப்பிரிவு வெளிப்படையாகவே கூறுகிறது. மலேசியா 1995ஆம் ஆண்டில் இவ்வுடன்படிக்கையில் இணைந்தது. 2001ஆம் ஆண்டில் கூட்டரசு அரசியலமைப்புச் சட்டத்தின் 8ஆவது விதி திருத்தப்பட்டது. சமயம், இனம், பிறப்பிடம் ஆகியவற்றோடு பாலினத்தின் அடிப்படையிலும் பாகுபாடு காட்டக் கூடாது என்பது அதில் சேர்க்கப்பட்டது.

அடுத்த ஆண்டே, அதாவது 2002ஆம் ஆண்டில், குழுக் குடியேற்றப் பகுதிகளுக்கான நிலச் சட்டமும் திருத்தப்பட்டது. குடியேற்றக்காரரின் மனைவியையும் நிலத்தின் கூட்டு உரிமையாளராகப் பதிவு செய்வதற்கு அத்திருத்தம் வழி திறந்தது.

இத்திருத்தம் ஒரு பழைய சிக்கலுக்கு எளிய தீர்வைத் தந்தது. நிலம் முன்போலவே பிரிபடாமல் இருக்கிறது. உரிமை மட்டும் இருவருக்கும் உரியதாகிறது. நிலத்தைத் துண்டாக்குவதும் உரிமையைப் பகிர்வதும் ஒன்றல்ல என்பதை இது தெளிவாக்கியது.

பதிவேட்டில் ஒரு பெயர் கூடுவதால் வாழ்வில் என்ன மாற்றம் வரும்? செம்பனை மரங்கள் ஏறத்தாழ 25 ஆண்டுகளில் முதிர்ந்துவிடும்; அவற்றை வெட்டி மறுநடவு செய்ய வேண்டும். அதற்குக் கடன் பெறுவதா, எவரிடம் பணியை ஒப்படைப்பது என்பன பெரிய முடிவுகள். கூட்டு உரிமையாளரான மனைவி அம்முடிவில் பங்கேற்க முடியும். சாலைக்கோ அணைக்கோ நிலம் எடுக்கப்பட்டால், இழப்பீட்டில் தன் பங்கை நேரடியாகக் கேட்க முடியும். கணவர் இறந்தாலும் நிலத்தோடு அவளுக்குள்ள தொடர்பு அறுபடாது.

எனினும், சட்டம் வழியைத்தான் திறந்துவிடுகிறது. ஏற்கெனவே பதிவான பட்டாவில் மனைவியின் பெயர் தானாக ஏறிவிடாது. அதற்கு முயற்சி எடுக்க வேண்டும். குடும்பத்தில் உடன்பாடு வேண்டும். இப்படி ஒரு வாய்ப்பு இருக்கிறது என்பதே முதலில் தெரிந்திருக்க வேண்டும்.

நெகிரி செம்பிலான் காட்டும் வழி

கூட்டு நிலம் என்றாலே பெண்ணின் உரிமை குறையும் என எண்ணிவிடக் கூடாது. ஜொகூரின் அண்டை மாநிலமான நெகிரி செம்பிலானில் அடாட் பெர்ப்பாத்தே என்னும் வழக்கம் நிலவுகிறது. மினாங்கபாவ் மக்களிடமிருந்து வந்த இவ்வழக்கத்தில் குலம் தாய்வழியாகக் கணக்கிடப்படுகிறது. குலத்தின் பரம்பரை நிலம் தாயிடமிருந்து மகளுக்குச் செல்கிறது.

ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில், 1909ஆம் ஆண்டில், இவ்வழக்க நிலங்களுக்கென்றே ஒரு சட்டம் இயற்றப்பட்டது. அத்தகைய நிலத்தின் பட்டாவில் அது வழக்க நிலம் எனக் குறிக்கப்பட்டது. இந்நிலம் குலத்தின் பொதுச்சொத்து. பெண் அதன் காவலர். அவள் தன் விருப்பப்படி வெளியாருக்கு விற்றுவிட முடியாது. கூட்டு நிலமும் பெண்ணின் உரிமையும் ஒன்றாக இயங்க முடியும் என்பதற்கு இது சான்று. இங்கும் வழக்கத்தைக் காப்பாற்றியது எழுத்தே. நிலம் ஏட்டில் ஏறியபோது பெண்ணின் பெயரும் சேர்ந்தே ஏறியது.

தமிழர் வாழ்வில் கூட்டு நிலம்

மலேசியத் தமிழர்களுக்கும் கூட்டு நிலம் புதிதன்று. 1950ஆம் ஆண்டுகளின் பிற்பகுதியில் பெரிய ரப்பர்த் தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்டன. தோட்டத் தொழிலாளர்கள் வேலையையும் வீட்டையும் இழக்கும் நிலை வந்தது. அப்போது துன் வீ. தி. சம்பந்தன் 1960ஆம் ஆண்டில் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் சிறுகச் சிறுகச் செலுத்திய பங்குப் பணத்தைக் கொண்டு தோட்டங்களே வாங்கப்பட்டன. கெடாவிலுள்ள புக்கிட் சிடிம் தோட்டம் அவற்றுள் முதலாவது.

கூட்டுறவுச் சங்கத்தின் அடிப்படை, ஓர் உறுப்பினருக்கு ஒரு வாக்கு என்பதாகும். உறுப்பியம் ஆளுக்கு உரியது, வீட்டுக்கு உரியதன்று. ஆகவே, பால்மரம் சீவும் பெண்ணும் தன் பெயரிலேயே பங்கு வாங்கி, உறுப்பினராக முடியும். குடும்பத் தலைவர் என்னும் சொல் இங்குக் குறுக்கே வருவதில்லை.

தமிழகத்தில் கூட்டுக் குடும்பச் சொத்து நெடுங்காலம் ஆண்வழியாகவே சென்றது. மகன் பிறப்பாலேயே பங்குதாரன் ஆனான். மகளுக்கு அவ்வுரிமை இல்லை. 1989ஆம் ஆண்டில் தமிழக அரசு இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்தி, மகளுக்கும் பிறப்புரிமையாகச் சமபங்கு வழங்கியது. ஆனால், திருத்தம் நடைமுறைக்கு வருமுன் திருமணமான மகள்களை அது சேர்க்கவில்லை. 2005ஆம் ஆண்டில் இந்தியா முழுமைக்குமான திருத்தம் வந்தபோது அந்த வேறுபாடும் நீங்கியது.

தீபகற்ப மலேசியாவில், உயில் எழுதாமல் இறந்த முஸ்லிம் அல்லாதாரின் சொத்தை 1958ஆம் ஆண்டுச் சொத்துப் பகிர்வுச் சட்டம் பிரித்தளிக்கிறது. முன்னர், மனைவி இறந்தால் கணவருக்குக் கிடைத்த பங்கும், கணவர் இறந்தால் மனைவிக்குக் கிடைத்த பங்கும் வெவ்வேறாக இருந்தன. 1997ஆம் ஆண்டுத் திருத்தம் அவற்றைச் சமமாக்கியது. பிள்ளைகளின் பங்கிலும் மகன், மகள் என்ற வேறுபாடு இல்லை.

பெயரும் பொறுப்பும்

லிங்கியு காட்டில் ஜாக்குன் பெண்களுக்கு உரிமை இருந்தது, எழுத்து இல்லை. ஃபெல்டா நிலத்தில் எழுத்து இருந்தது. பெண்ணின் பெயர் இல்லை. நெகிரி செம்பிலானில் வழக்கமும் எழுத்தும் பெண்ணின் பெயரும் ஒன்றுசேர்ந்தன. இம்மூன்றையும் ஒப்பிட்டால் ஓர் உண்மை புலப்படும். நிலத்தைப் பகிர்ந்து வாழ்வது பெண்ணுக்குப் பாதகமும் அன்று. தானாகவே சாதகமும் அன்று. பகிர்வு விதியாக எழுதப்படும்போது, உழைக்கும் அனைவரையும் அது பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறதா என்பதே முக்கியம்.

ஃபெல்டா குடியிருப்பில் வளரும் ஒரு மாணவியோ, தோட்டப்புறத்தில் வளரும் ஒரு மாணவனோ வீட்டிலுள்ள நிலப்பட்டாவை எடுத்துப் பார்த்தால் அதில் சில பெயர்கள் இருக்கும்; சில பெயர்கள் இல்லாமல் இருக்கும். அம்மாவின் பெயர் அதில் இருக்கிறதா, இல்லையெனில் சேர்க்க வழி உண்டா என்று பெற்றோரிடமும் நில அலுவலகத்திலும் கேட்டறிவது இன்று எவராலும் செய்யக்கூடிய செயல். சட்டம் திறந்துவிட்ட வழி பயன் தருவது, அதனை அறிந்து கேட்பவர்களுக்கே.